அரசாங்கம் வாங்குவதும் கமக்காரன் விளைவிப்பதும்

கமக்காரர் ஒருவரின் வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்துசேரும் பொருள்களுள் எத்தனை அரசாங்கத்தின் கைப்பட்டு வருகின்றன என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. மானிய விலைப் பசளை, அத்தாட்சிப்படுத்திய விதைநெல், இறக்குமதி செய்யப்பட்ட விதைக்கிழங்கு, குளத்துத் துருசின் இரும்புக் கதவு, வாய்க்காலின் கொங்கிறீற்று, வயற்பாதைக்குக் கொட்டிய கிரவல் என்னும் இவையாவும் எங்கோ ஓர் அலுவலகத்தில், எவரோ ஒருவரிடமிருந்து, ஒரு விலை பேசி வாங்கப்பட்டவை. இவ்வாறு பொதுப் பணங்கொண்டு பொருளும் வேலையும் பெறுதலை அரசகரும மொழியில் ‘பெறுகை’ என்பர். கேள்விப்பத்திரம் கோருதல், கொந்தராத்துக் கொடுத்தல் என ஊரிலே வழங்குவனவும் இதன் பகுதிகளே.

இஃது இலிகிதர்களுக்கும் ஒப்பந்தகாரர்களுக்கும் உரிய விடயம், நமக்கென்ன என்று கமக்காரர் பெரும்பாலும் விட்டுவிடுவர். 2021ஆம் ஆண்டிலே நிகழ்ந்தவற்றை அறிந்தபின் அவ்வாறு விட்டுவிடுதல் இயலாது.

வராத பசளையின் விலை

2021ஆம் ஆண்டு வைகாசி மாதத் தொடக்கத்தில் வெளியான வர்த்தமானி அறிவித்தலினால் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்தத் தடையின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதுபற்றி ஒவ்வொரு கமக்காரருக்கும் தமது களத்தில் அளந்த கணக்கே போதுமானது. தடையின் பின்னர் நடந்த கொள்வனவே இங்கு நாம் நோக்கவேண்டியது. ஐப்பசியில் தொடங்கும் பெரும்போகத்துக்கு வேண்டிய சேதனப் பசளையை வெளிநாட்டிலிருந்து வாங்கத் தீர்மானிக்கப்பட்டது. கேள்வி கோரி, சீன நிறுவனம் ஒன்றிடம் 99,000 தொன் வாங்குதற்கு ஒப்பந்தமாயிற்று. ஆனால் அந்நிறுவனம் அனுப்பிய மாதிரிகளைத் தாவரத் தடுப்புக்காப்புச் சேவையினர் சோதித்தபோது, பயிர்களுக்குத் தீங்கு செய்யவல்ல பற்றீரியா அவற்றிற் காணப்பட்டதால் இறக்குமதிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. எனினும் கப்பல் புறப்பட்டுவிட்டது. அது இலங்கைக் கடற்பரப்பை அண்மித்து இறக்க இடமின்றி நின்றது. வங்கியினூடாகச் செலுத்தவேண்டிய பணத்தைக் குறித்து வழக்கு எழுந்தது. ஈற்றில் 2022ஆம் ஆண்டு தை மாதத்தில் பல இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. அப்பணத்துக்கு ஒரு பிடி பசளையேனும் எந்த வயலிலும் விழவில்லை.

தடை 2021ஆம் ஆண்டு கார்த்திகையில் நீக்கப்பட்டது. அதற்குள் நாட்டின் பெரும்பாகத்தில் நெல் விதைத்தாயிற்று. அப்பெரும்போகத்தின் விளைவு முன்னைய ஆண்டின் பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டுக் குறைந்தது.

இந்தக் கொள்வனவிலே கமக்காரர் கவனிக்கத்தக்கவை இரண்டு உள. முதலாவது, மாதிரியைச் சோதித்துத் தேறிய பின்னரே கப்பலில் ஏற்றுதல் என்னும் ஒழுங்கு. விதைநெல் வாங்கச் செல்லும் கமக்காரர் நூறு மணியை ஈரச் சாக்கிலே கட்டிவைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்த்தபின்பே பணத்தை எடுப்பார். நாட்டுக்கு வாங்கும்போதும் அதே முறைதான். அளவு மாத்திரமே பெரிது.

இரண்டாவது, வாங்கும் பொருள் இன்னதென்று எழுதிவைக்கும் விவரக்குறிப்பு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே 50 கிலோகிராம் மூடை ஒன்றினால் 23 கிலோகிராம் நைதரசன் வயலுக்குக் கிடைக்கின்றது. நூற்றுக்கு 2 பங்கு நைதரசன் கொண்ட சேதனப் பசளையினால் அதே 23 கிலோகிராமைக் கொடுக்கவேண்டின் 1,150 கிலோகிராம், அதாவது 23 மூடை வேண்டும். அன்றியும் சேதனப் பசளையிலுள்ள நைதரசன் முழுவதும் அப்போகத்திலேயே பயிருக்கு எட்டுவதில்லை. சேதனப் பசளை மண்ணைப் பதப்படுத்தும், நீரைப் பிடித்துவைக்கும், பல ஆண்டுகளுக்குப் பயன்தரும். அதனை வெறுத்துரைப்பது எமது கருத்தன்று. ஆயினும் தொன் ஒன்றின் விலையை மாத்திரம் பார்த்து ஒன்றுக்கு மற்றொன்றை ஈடாக வாங்குதல் தவறு. போசணையின் விலை யாது, அதனை ஏற்றியிறக்கும் லொறிக்கூலி யாது, எத்தனை ஆட்கள் அதனை வயலிற் பரப்பவேண்டும் என்பனவும் அந்த விலையோடு சேர்த்து எண்ணப்படல் வேண்டும்.

பின்னிருந்து எண்ணும் நாட்கள்

நல்ல பொருளும் காலந்தவறி வந்தாற் கெட்ட பொருளுக்குச் சமானம். இது மரக்கறிச் செய்கையாளருக்கு நன்கு தெரியும். யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு கார்த்திகை, மார்கழியில் நடப்படுவது. அறுவடையான கிழங்கு சில கிழமைகள் உறங்கியே முளைகொள்ளும். ஆதலால் முளை காணாத விதைக்கிழங்கு நடுகைக்கு முதல்நாள் வந்திறங்கினும் பயனில்லை.

நெல்லுக்கும் இவ்விதியே. மூன்றரை மாத இனமாயின், மேற்கட்டுப் பசளையாகிய யூரியா விதைத்த இரண்டாம் கிழமை முதல் ஏழாம் கிழமை வரையில் இடப்படல் வேண்டும். அதன்பின் இட்டால் இலை கறுக்கும், பூச்சியும் நோயும் அணுகும், கதிர் பெருகாது. ஐப்பசி நடுவில் அந்த யூரியா கமநல சேவை நிலையத்தில் இருக்கவேண்டுமெனக் கொண்டு பின்னோக்கி எண்ணுவோம். துறைமுகத்திலிருந்து மாவட்டங்களுக்கு அனுப்ப மூன்று கிழமை. கப்பலிலிருந்து இறக்கி மாதிரி எடுத்துச் சோதிக்க இரண்டு கிழமை. ஏற்றுதற்கும் கடற்பயணத்துக்குமாக ஒரு மாதத்திற்கு மேல். வங்கிக் கடிதம் திறப்பதற்கு இரண்டு கிழமை. வந்த விலைமனுக்களைத் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டு, பெறுகைக் குழுவும் அமைச்சரவையும் அங்கீகரிப்பதற்கு ஐந்தாறு கிழமை. சர்வதேசப் போட்டிக் கேள்விக்கு மனு அனுப்ப 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டி வைத்த காலம் 42 நாட்கள். உள்நாட்டுக் கேள்விக்கு 21 நாட்கள். இவற்றுக்கெல்லாம் முன்னர், எவ்வளவு வேண்டும், எத்தகையது வேண்டும் என்று எழுதுவதற்கு ஒரு மாதம்.

இவ்வாறு எண்ணினால் நாம் சித்திரையில் வந்து நிற்கின்றோம். கமக்காரர் சிறுபோகத்துக்கு வயலை உழும் நாட்களில், பெரும்போகப் பசளைக்குரிய பத்திரங்கள் அலுவலக மேசையில் எழுதப்படுதல் வேண்டும். இவை எமது மதிப்பீடே. ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் கூடலாம், குறையலாம். ஆனால் வைகாசியிற் கொள்கையை மாற்றி, அவ்வாண்டு ஐப்பசிக்குள் நாடு முழுவதற்கும் புதிய பொருளைத் தேடி வாங்குதல் எத்தகைய நெருக்கடியை உண்டாக்கும் என்பது இக்கணக்கினால் விளங்கும். மறு ஆண்டு, வெளிநாட்டுச் செலாவணி இல்லாமையால், 2022 சிறுபோகத்துக்குரிய யூரியா இந்தியக் கடனுதவியின் கீழ் வாங்கப்பட்டது. 44,000 தொன் ஏற்றிய தொகுதி வந்தது ஆடி மாதத்தில். சித்திரையில் விதைத்த வயல்களோ அப்போது குடலைப் பருவத்தையும் கடந்திருந்தன.

அவசரம் மிகும்போது போட்டியின்றி ஒருவரிடமே வாங்குதற்கும் வழிகாட்டிகளில் இடமுண்டு. வெள்ளம் வந்து கட்டு உடைந்தவிடத்து அது வேண்டியதே. எனினும் முன்கூட்டியே தெரிந்த போகத்தை எதிர்பாராத வெள்ளம்போற் கருதி, கடைசி நேரத்தில் ஓடிச்சென்று வாங்கும் வழக்கம் விலையைக் கூட்டும், தரத்தைக் குறைக்கும், சந்தேகத்தையும் வளர்க்கும். போகம் இவ்வாண்டும் வரும் என்பது எவருக்குத்தான் தெரியாது?

இக்கருமங்களைக் கண்காணிக்கத் தேசிய பெறுகை ஆணைக்குழு 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பத்தொன்பதாந் திருத்தத்தால் உண்டாக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் இருபதாந் திருத்தத்தால் அஃது ஒழிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் இருபத்தோராந் திருத்தத்தால் மீண்டும் நிறுவப்பட்டது. 2021ஆம் ஆண்டுப் பசளைக் கொள்வனவு நடந்தது அவ்வாணைக்குழு இல்லாத காலத்தில் என்பதையும் குறித்துக்கொள்க. அதன் புதிய வழிகாட்டி 2025 தை மாதம் 1ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது.

அரசாங்கத்துக்கு விற்கும்போது

கமக்காரர் வாங்குபவர் மாத்திரமல்லர், விற்பவருமாவர். 1948ஆம் ஆண்டில் உத்தரவாத விலைத் திட்டம் தொடங்கிய நாள் முதலாக, அரசாங்கம் நெல்லைக் கொள்வனவு செய்து வருகின்றது. நெற் சந்தைப்படுத்தும் சபை 1971ஆம் ஆண்டின் சட்டத்தினால் தோன்றியது. இங்கும் விவரக்குறிப்பே தலையானது. சபை ஈரப்பதன் நூற்றுக்கு 14 என்ற அளவை வைத்தே விலை கூறும். ஈரப்பதன் 20 உள்ள 1,000 கிலோகிராம் நெல்லை 14 ஆகும்வரை உலர்த்தினால் ஏறக்குறைய 930 கிலோகிராமே எஞ்சும். அந்த 70 கிலோகிராமும் நீர். உலர்த்தாத நெல்லைத் தனியார் குறைந்த விலைக்குக் கேட்டால், அந்த நீரையும் உலர்த்தும் கூலியையும் கணக்கிட்டு, இரு விலைகளையும் ஒப்பிடுதல் வேண்டும். கணக்கிடாது களத்திலேயே விற்று, பின்னர் விலைப்பட்டியலைப் பார்த்து வருந்துவோர் பலர்.

மரக்கறிச் செய்கையாளர்க்கு வைத்தியசாலை, விடுதி, படைமுகாம் ஆகியவற்றின் வழங்கல் ஒப்பந்தங்கள் உண்டு. தனியொருவர் நாள்தோறும் பலவகை மரக்கறி கொடுத்தல் அரிது. கூட்டுறவுச் சங்கம் முயன்றாற் கூடும். ஆனால் கொடுத்த பொருளுக்குப் பணம் கைக்கு வரச் சில கிழமைகள் செல்லும் என்பதை முன்னரே அறிந்து, அதற்கேற்ற முதல் வைத்திருத்தல் வேண்டும்.

குளத்து வேலையும் கமக்காரரும்

பசளைக் கப்பலைக் கமக்காரர் தம் கண்ணாற் பார்த்தல் இயலாது. ஊர்க்குளத்தைப் பார்க்கலாம், நாள்தோறும் பார்க்கின்றனர். ஆகவே அரசாங்கக் கொள்வனவில் கமக்காரரின் கண் மிகப் பயன்படுமிடம் குளத்து வேலையே.

80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரை நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. இராசகாரிய முறை 1832ஆம் ஆண்டில் நீக்கப்படும்வரை ஊரார் தம் உழைப்பினாலேயே இக்குளங்களைப் பேணினர். கட்டாய உழைப்பு ஒழிந்தது நன்றே. ஆனால் அதனோடு குளத்தைப் பேணும் பொறுப்பும் உரியவரின்றிப் போயிற்று. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் பழைய வழமைகளுக்கு மீண்டும் உயிர்கொடுக்க முயன்றது அதனாலேயாம். இன்று அப்பொறுப்பு திணைக்களத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் இடையே நிற்கின்றது. வேலையைச் செய்து முடிப்பவரோ பெரும்பாலும் ஒப்பந்தகாரர்.

முதலில் எதனைக் கேட்பது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். குளத்து வேலை என்றதும் ‘தூர்வார வேண்டும்’ என்பதே எல்லோர் வாயிலும் வரும். அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் அடி நீர் என்பது 43,560 கன அடி. மண்வேலை அளக்கும் கியூப் ஒன்று 100 கன அடி. ஆகவே ஓர் ஏக்கர் அடி நீருக்கு இடமுண்டாக்க 436 கியூப் மண் அகற்றப்படல் வேண்டும். உலர் வலயத்தில் ஓர் ஏக்கர் நெல்லுக்குப் போகமொன்றில் மூன்று, நான்கு ஏக்கர் அடி நீர் செல்லும். எனவே 436 கியூப் மண்ணை வெட்டி ஏற்றியபின் மேலதிகமாக விளையக்கூடியது ஏறத்தாழக் கால் ஏக்கர் வயல்.

இப்போது துருசைப் பார்ப்போம். பழைய துருசின் கதவு சரியாகப் பொருந்தாது, செக்கனுக்குக் கால் கன அடி நீர் ஒழுகுகின்றது என்க. இஃது இரண்டு செக்கனுக்கு ஒரு வாளி அளவு. குளக்கட்டில் நடப்பவர் பெரிதாகக் கொள்ளமாட்டார். செக்கனுக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஏறக்குறைய இரண்டு ஏக்கர் அடி. கால் கன அடி வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு அரை ஏக்கர் அடி. 60 நாளில் 30 ஏக்கர் அடி. நீர்மட்டம் தாழத்தாழ ஒழுக்கும் குறையும் என்பதற்காகப் பாதியையே கொண்டாலும் 15 ஏக்கர் அடி. தூர்வாரி அவ்வளவு நீரைத் தேடவேண்டின் 6,500 கியூபுக்கு மேல் வெட்டவேண்டும். ஒரு கதவும், சிறிது சீமெந்தும், ஒரு கொத்தனின் சில நாள் வேலையும் செய்வதை அத்தனை லொறிகளும் அரிதிற் செய்யும். தூர்வாருதல் எங்கும் வேண்டாததென்று கூறவில்லை. ஆடுமாட்டுக்கும் கிணறுகளுக்கும் நீர் நிற்க அது உதவும். எனினும் பணம் ஒருமுறையே வருமாயின் துருசும் வானும் கட்டும் முதலில் வரவேண்டும். அவ்வாறு வரவேண்டுமாயின் மதிப்பீடு எழுதப்படுமுன், போகக் கூட்டத்திலே அமைப்பு அதனைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். கேள்வி கோரியபின் வேலையை மாற்றுதல் எளிதன்று.

மண்வேலை ஆவணி, புரட்டாதியில் முடியவேண்டும். ஐப்பசி மழை தொடங்கியபின் இட்ட மண் சேறாகும். குளக்கட்டை உயர்த்தும்போது பழைய கட்டின் புல்லும் வேரும் மேல்மண்ணும் களையப்படல் வேண்டும். கறையான் புற்று இருப்பின் அடிவரை தோண்டப்படல் வேண்டும். சரிவிலே படி வெட்டி அதன்மேற் புதுமண் சேர்க்கவேண்டும். மண்ணை ஆறு முதல் ஒன்பது அங்குலக் கனமுள்ள படைகளாக இட்டு, ஈரம் பதமாக உள்ளபோது உருளையால் அழுத்துவர். கையிலெடுத்துப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் அழுத்தினால் நீர் கசியாது உடைவதே பதம். ஒரேயடியாக மூன்று அடி உயரத்துக்குக் கொட்டி மேலே மாத்திரம் உருளையை ஓட்டிய கட்டு, முதல் மழையிலேயே அமிழும்.

அளவை பற்றியும் சொல்லவேண்டும். வெட்டிய மண் குலைந்து பருக்கும். லொறியில் நூறு கியூபாக வந்தது அழுத்தியபின் கட்டிலே எண்பது கியூபுக்கும் குறையலாம். ஆகையால் லொறி எண்ணி ஒப்பந்தகாரரைக் குற்றஞ்சாட்டுதலும் தவறு. லொறி எண்ணிப் பணங்கொடுத்தலும் தவறு. வேலைக்கு முன்னும் பின்னும் மட்டம் பிடித்து, கட்டின் குறுக்குவெட்டை வரைந்து, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அளவைப் புத்தகத்தில் எழுதுவதே முறை. முதல் மட்டம் பிடிக்கும் நாளில் அமைப்பின் தலைவரோ செயலாளரோ அங்கு நிற்றல் நன்று. அன்று நில்லாதவர் பின்னர் வாதிடுவதற்கு ஆதாரம் இல்லை.

சிறு வேலைகளைக் கமக்காரர் அமைப்புக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஊர்மக்களின் அமைப்புகளைச் சேர்த்துக்கொள்ள 2006ஆம் ஆண்டின் வழிகாட்டியும் இடங்கொடுத்தது. தம் வயலுக்கு நீர் தரும் கட்டை எவர்தாம் தெரிந்துகொண்டு பழுதாகக் கட்டுவர் என்பதே இதன் நியாயம். இந்நியாயம் அமைப்பே வேலை செய்யும்வரைக்குமே செல்லும். பெயர் அமைப்புடையதாகவும் இயந்திரமும் பணமும் வெளியார் ஒருவருடையனவாகவும் இருந்து, தலைவர் கையொப்பம் மாத்திரம் இடுவாராயின், அது மறைமுகமான கொந்தராத்தே. பழுது வரும்போது பதில் சொல்லவேண்டியவரோ கையொப்பமிட்டவர். ஒப்பந்தத்தின் மதிப்பீடு, அளவைப் புத்தகப் பிரதி, கூலிப்பட்டியல், பற்றுச்சீட்டுகள் ஆகியன பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படல் வேண்டும். வாசிக்கக் கூசும் கணக்கு எதுவாயினும் அதில் ஏதோ உண்டு.

வேலை வெளி ஒப்பந்தகாரருடையதாயினும் அதன் பத்திரங்கள் மறைபொருளல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத் தொகை, விவரக்குறிப்பு, முடிவுத் திகதி ஆகியவற்றைக் குறித்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கின்றீர் என்பதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை. கொடுப்பதா இல்லையா என்னும் தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்படல் வேண்டும். சண்டைக்குச் செல்வதுபோலன்றி, வேலை தொடங்குமுன்பே கேட்டு வாங்கிவைத்தல் எல்லோருக்கும் நன்று. நல்ல ஒப்பந்தகாரர் அதனை விரும்புவார்.

வேலை முடிந்ததென்று பலகை நாட்டியபின்னும் ஒரு தவணை உண்டு. ஒப்பந்தப் பணத்தின் ஒரு பகுதி, பழுது திருத்தும் பொறுப்புக்காலம் முடியும்வரை பிடித்துவைக்கப்படும். அக்காலம் பெரும்பாலும் ஒரு மழைகாலத்தை உள்ளடக்கும். குளம் நிரம்பி நிற்கும் மார்கழி, தை நாட்களில், கமக்காரர் அமைப்பினர் கட்டின் மேலே நடவாது அதன் வயற்புறத்து அடியில் ஒரு முனை முதல் மறு முனை வரை நடந்து பார்க்கவேண்டும். தெளிந்த நீர் கசிந்தால் அவ்விடத்தில் ஒரு தடி நாட்டி அடுத்த நாளும் பார்க்கலாம். கலங்கிய நீர் வருமாயின் அது மண்ணைக் கொண்டுவருகின்றது. அன்றே தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அறிவிக்கவேண்டும். அமிழ்ந்த இடம், வெடித்த இடம், துருசுக் குழாயின் இருமருங்கும் குழிந்த இடம் என்பவற்றைத் திகதியிட்டு எழுதி, பிடித்துவைத்த பணம் விடுவிக்கப்படுமுன் கமநல சேவை நிலையத்திற் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்க.